கண்ணாடி போட்ட செக்கிங்காரிகள்

அன்றைக்குக் காலை கம்பெனி பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டும்போதே என் கை டிபன் பைக்குள் போய்விட்டது. சோற்று டப்பாவுக்கும் துண்டுக்கும் நடுவில் அந்தக் கூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. பாலவனத்தம் வருவதற்குள் மறுபடியும் தடவிப் பார்த்தேன்.

பக்கத்து இருக்கையில் மாரிக்கனி. "என்னடி, பைக்குள்ள கோழிக்குஞ்சா வச்சிருக்க? தடவிக்கிட்டே வார" என்றாள்.

மாரிக்கனி நரிக்குடிப் பக்கத்துக்காரி. நான் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். துணி மில்லில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம், அடுத்தடுத்த மேஜை. அவளுக்கு வாய், எனக்குப் பிடிவாதம் என்று செக்கிங் பிரிவில் சொல்வார்கள். எனக்கு வாயும் உண்டு என்பது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

மில்லுக்குள் போய், தலைக்குத் தொப்பி மாட்டி, மேஜை விளக்கைப் போட்டேன். மேஜை என்று பேர்தான். சாய்வாக நிற்கும் ஒரு வெள்ளைப் பலகை, அதற்குப் பின்னால் வரிசையாக டியூப் லைட். நெய்து வந்த துணி மேலேயிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் எதிரே நின்று பார்ப்போம். குறுக்கே ஓடும் ஊடை நூல் விட்டுப்போயிருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ, காலால் பெடலை மிதித்துத் துணியை நிறுத்தி, ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

பெடலில் கால் வைப்பதற்கு முன்னால் கூட்டைத் திறந்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாரிக்கனி பார்த்துவிட்டாள். "ஏய், கழட்டு. கழட்டுடிங்கிறேன். சாரு வாற நேரம்."

"கழட்ட மாட்டேன்."

மூக்குக் கண்ணாடி போடுவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பிரிவில் அது அப்படித்தான் இருந்தது.

டியூப் லைட் மேல் பழி

முதலில் நான் சந்தேகப்பட்டது டியூப் லைட்டை. துணி மங்கலாகத் தெரிகிறது என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். மாற்றினார். சில நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டேன். அவர் ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். "அக்கா, லைட்டு நல்லாத்தான் எரியுது. வேற எங்கயோதான் பீஸ் போயிருக்கு" என்றார். அவரோடு சண்டை போட்டேன்.

வீட்டில் அரிசியில் கல் பொறுக்கும்போது உண்மை தெரிந்தது. முறத்தைக் கிட்டே வைத்தால் கல்லும் அரிசியும் ஒன்றாகத் தெரிந்தன. தள்ளிப் பிடித்தால் கல் தனியாகத் தெரிந்தது. வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருகிற சாதாரண விஷயம். டவுனில் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். ஒரு கண்ணாடியும் கொடுத்தார்.

அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மட்டும் போட்டேன். மில்லுக்கு எடுத்துப் போகவில்லை. காரணம் ராசாத்தியக்கா.

ராசாத்தியக்கா எங்களுக்கெல்லாம் முந்திச் செக்கிங்குக்கு வந்தவர். ஒருநாள் கண்ணாடியோடு வந்தார். அப்போதிருந்த சூப்பர்வைசர், "கண்ணு போச்சுல்ல, இனிமே எதுக்கு இங்க?" என்று சொல்லி மறுவாரமே பேக்கிங்குக்கு அனுப்பினார். பேக்கிங் கேவலமான வேலை இல்லை. ஆனால் அங்கே ஆர்டர் இருந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் வீடு. அடுத்த மழைக்காலத்துக்குள் ராசாத்தியக்கா முழுசாக வீட்டோடு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் யாருக்கும் கண் மங்கவே இல்லை! அப்படித்தான் நடித்தோம். துணிக்கு ஒரு எட்டு பின்னால் நின்று பார்ப்போம். விரல் நுனியால் தடவி முடிச்சைக் கண்டுபிடிப்போம். சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜைக்காரியிடம் உதட்டை அசைக்காமல், "இது கறையா, தூசியா?" என்று கேட்போம். அவளுக்கும் தெரியாது. அவளும் உதட்டை அசைக்காமல், "தூசின்னு நெனக்கேன்" என்பாள்.

இந்தக் கூத்து எத்தனை காலம் ஓடியிருக்குமோ தெரியாது. கேமரா வந்து முடித்து வைத்தது.

கேமரா வருகிறது

துணியைத் தானே பார்க்கிற மெஷின் வரப்போகிறது என்று கேண்டீனில் பேச்சு அடிபட்டது. பிறகு அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிட்டார்கள். கேமரா மெஷினோடு வேலை பார்க்கச் சிலரைத் தர ஆய்வாளர் என்ற பேரில் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு முதலில் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம். மற்றவர்கள் வேறு பிரிவுக்கு. வேறு பிரிவு என்றால் எது என்று எங்களுக்குத் தெரியாதா? ஆய்வாளர் வேலைக்கு விருப்பப்படுபவர்கள் கண் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றும் போட்டிருந்தது.

எங்கள் நிலம் மானாவாரி. மழை பெய்தால் பருத்தி, இல்லாவிட்டால் கருவேலம். வீட்டுக்கு மாதாமாதம் தவறாமல் வருவது என் சம்பளம் ஒன்றுதான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் போயி நின்னா வெளிய அனுப்பிருவாக. போடாமப் போனா பரீட்சையில தோத்துருவேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பப் போட்டுக்கிட்டுப் போயே நில்லு. தோக்கதுதான்னா கண்ணு தெரிஞ்சு தோத்துப் போ" என்றார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் இப்படித்தான் பேசுவார்.

கல்யாண வீட்டில் செக்கிங்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

இந்த வேலை கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வேலை. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமகளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், முந்தானையில் நெடுக்கே ஓடும் பாவு நூல் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். "கல்யாணத்துக்கு வந்தியா, செக்கிங்குக்கு வந்தியா?" என்று வீட்டுக்காரர் முழங்கையால் இடிப்பார். ஒருமுறை பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் வெள்ளை வேட்டியில் நீலமாக ஒரு மயிரிழை ஓடியது. உரச்சாக்கு நார். எங்கள் பக்கம் பருத்தி எடுக்கிறவர்கள் பழைய உரச்சாக்கில்தான் அடைப்பார்கள். சாக்கு பிரிந்து ஒரு இழை பஞ்சோடு சேர்ந்தால், நூலாகி, துணியாகி, வேட்டியாகிக் கல்யாணப் பந்தி வரைக்கும் வரும். அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

தோல் பக்கமும் இதே கதைதான். என் சித்தி மகன் முருகேசண்ணன் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தரம் பிரிக்கிறார். பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் விரித்து, எது செருப்புக்கு, எது கைப்பைக்கு என்று பார்த்து அடுக்குவது அவர் வேலை. "ஏத்தா, நரிக்குடி ஆட்டுத்தோல எடுத்ததுமே தெரிஞ்சிரும். முள்ளுக் கீறல் கோடு கோடா இருக்கும். ஒங்க பக்கத்துக் கருவேலத்துக்குள்ள மேஞ்சு வளந்ததுல்ல" என்பார்.

கேமரா செய்தி வந்ததும் அவருக்குத்தான் போன் போட்டேன்.

"எங்களுக்கு முந்தியே வந்திருச்சுத்தா" என்றார். "ஆளக் கொறைச்சாக. பொய் சொல்லப்படாது, கொறைச்சுட்டாகதான். ஆனா இருக்கிறவனுக்கு மருவாதி கூடிருச்சு. அது கீறலக் காட்டும். இந்தக் கீறலோட விக்கலாமா கூடாதாங்கிறத ஆளுதான் சொல்லணும். நீ மெஷின் பக்கத்துல போயி நின்னுக்க. தள்ளி நிக்காத."

சமீபத்தில் மல்லாங்கிணறு பஸ்ஸில் ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு, நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரைப் படிப்பதாகச் சொன்னார். "எம்மக படிப்ப முடிச்சுட்டா. செக்கிங் வேலைக்கு அனுப்பலாமா? மெஷினு வந்து எல்லாத்தையும் தூக்கிருமாமே?" என்று கேட்டார். நான் இறங்கும் இடம் வந்துவிட்டதால் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அனுப்புங்கள். ஆனால் நின்று பார்க்க மட்டும் அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டர் பழகச் சொல்லுங்கள், துணி எப்படி உருவாகிறது என்று படிக்கச் சொல்லுங்கள், ஏன் எதற்கு என்று வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். முன்னால் ஒரு வரிசை நிறைய ஆட்கள் தேவைப்பட்ட இடத்தில் இனிமேல் சிலர்தான் தேவைப்படுவார்கள். அந்தச் சிலரில் உங்கள் மகள் ஏன் இருக்கக் கூடாது?

வரிசையாக ஏழு பேர்

இப்போது மேஜைக்குத் திரும்புகிறேன்.

கண்ணாடியோடு முதல் துணி ஓடத் தொடங்கியது. என்னவென்று சொல்ல! ஒவ்வொரு நூலும் மேலே ஏறிக் கீழே இறங்குவது தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இதை விட்டுவிட்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? பெடலை மிதித்தேன், ஒட்டினேன், மிதித்தேன், ஒட்டினேன்.

என் மேஜை அடிக்கடி நிற்பதைக் கவனித்துத் தரப் பிரிவு மேனேஜர் வந்தார். சுந்தரம் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதனால் கோபமா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"வள்ளி, இது என்னங்க புதுசா?"

"கண்ணாடி சார்."

"அது தெரியுதுங்க. எதுக்கு?"

"பாக்கதுக்கு சார்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சார் சிரிக்கவில்லை. "கண்ணு பிரச்சனைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க. சரி, இப்போதைக்குப் பேக்கிங்ல இருங்க. அப்புறம் பார்க்கலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "கண்ணு தெரியாதப்பல்லாம் இங்கனதான் சார் நின்னேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இப்பத்தான் தெரியுது. தெரியிறப்ப எதுக்கு சார் அனுப்புறீக?"

"இங்க ரூல் அப்படிங்க."

"எந்த ரூலு? யாரு போட்டது? எங்க சார் எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ராசாத்தியக்காவை அனுப்பிய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. அவர் செய்தது மட்டும் சட்டமாக இங்கேயே தங்கிவிட்டது. அதை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. நாங்களும்தான்.

"போக மாட்டேன் சார்" என்றேன். "பரீட்சைக்கும் இதப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன். தோத்தா அப்பச் சொல்லுங்க, நானே போறேன்."

எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா மேஜையிலும் துணி நின்றிருந்தது.

அப்போது மாரிக்கனி குனிந்து தன் பையைத் திறந்தாள். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். பாதி முகத்தைக் காணோம்.

"இந்தா சார், என்னையும் சேத்துக்கோங்க."

"இது யாருதுங்க?"

"எங்க வீட்டுக்காரரோடது சார். அவுகளுக்குப் பேப்பரு சாயங்காலந்தான் வரும். அதுவரைக்கும் சும்மாதான கெடக்கு?"

அடுத்த மேஜையில் ஒருத்தி சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். அதற்குள் ஒரு கண்ணாடி. அதற்கடுத்தவளின் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கால் இல்லை, மில் நூலைத் திரித்துக் காதில் கட்டிக்கொண்டாள். ஒருத்தியுடையது பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரக் கடையில் வாங்கியது, ஒருத்திக்கு மகன் வாங்கிக் கொடுத்தது, இன்னொருத்தியுடையது அவள் அம்மா போட்டுக் கழித்தது. ஏழு பேரும் மாட்டிக்கொண்டு நின்றோம். இத்தனை காலம் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே சோற்றைப் பகிர்ந்து தின்று, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் மறைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"எல்லாருமாங்க?" என்றார் சுந்தரம் சார்.

"எல்லாருந்தான் சார்" என்றாள் மாரிக்கனி.

அவர் என் மேஜையில் இருந்த துணிச் சீட்டை எடுத்து ஏதோ படிக்கிற பாவனையில் நின்றார். சீட்டு மெதுவாக அவர் முகத்தை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மாரிக்கனிக்குப் பொறுக்குமா? தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "கை வலிக்கப் போகுது சார். இதப் போட்டுப் பாருங்க."

இந்தத் தடவை சிரிப்பை யாரும் அடக்கவில்லை. சார் சீட்டைக் கீழே வைத்தார். "பரிசோதனைக்கு எல்லாரும் கண்ணாடியோடவே வாங்க. டாக்டர் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

தேர்வும் அதற்குப் பிறகும்

டவுனிலிருந்து கண் டாக்டரம்மா ஒருவர் வந்தார். எழுத்தைப் படிக்கச் சொன்னார். பிறகு ஒரே நிறத்தில் சின்னச் சின்ன வில்லைகளைக் கொட்டி, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக அடுக்கச் சொன்னார். கடைசி வில்லை வரைக்கும் நிதானமாக அடுக்கினேன். கண்ணாடி போட்டவர்களைத் தள்ளச் சொல்லி எங்கேயாவது இருக்கிறதா என்று நானே அவரிடம் கேட்டேன். "கண்ணாடி போட்டுத் தெளிவாத் தெரிஞ்சா அது நல்ல கண்ணுதாம்மா" என்றார்.

எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இடம் கொஞ்சம், ஆள் அதிகம். நூலால் காதில் கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கண்ணில் புரை இருந்தது தெரிந்தது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து, இப்போது வேறொரு தையல் கம்பெனியில் சட்டை செக்கிங் பார்க்கிறாள். மூவர் நூற்பாலைக்கு மாறினார்கள். ஒருத்தி வேலையே வேண்டாம் என்று ஆடு வாங்கிவிட்டாள். மாரிக்கனிக்கும் எனக்கும் இடம் கிடைத்தது, ஆளுக்கொரு ஷிப்ட். சோதனைக் காலம் முடிந்த பிறகுதான் நிரந்தரம்.

கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஏழு பேருக்கும் தப்பியதெல்லாம் அதற்குத் தப்பாது. பிசகு தெரிந்தால் திரையில் படம் காட்டும். அதற்கே நிச்சயமில்லாதபோது ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுக் காத்திருக்கும். அப்போது நான் பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ அமுக்க வேண்டும்.

வாசலில் லாரி

சோதனைக் காலம் முடியாத ஒரு மத்தியானம். பள்ளிக்கூடச் சீருடைக்கான நீலத் துணி சாயப் பட்டறையிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தது. லாரி வாசலில் நின்றது. மாதிரிக்கு ஒரே ஒரு ரோலை மட்டும் மெஷினில் ஓட்டிவிட்டு, மீதியை நேராக ஏற்றச் சொல்லிவிட்டார்கள். லோடு முக்கால்வாசி ஏறிவிட்டது.

அந்த ஒரு ரோல் முடியும் இடத்தில் திரையில் கேள்விக்குறி விழுந்தது. துணியின் ஆரம்பத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆரம்பம் அடர் நீலம். கடைசி கொஞ்சம் வெளுப்பு.

சுந்தரம் சார் வந்தார். "லேசாத்தானுங்க இருக்கு. மெஷினே சந்தேகம்னுதானே சொல்லுது? பச்சையை அமுக்குங்க."

எனக்குப் பயமாக இருந்தது. நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர்தான். அமுக்கிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் பச்சைப் பக்கம் போனதை மறைக்க மாட்டேன்.

"சார், மொதல்ல வெட்டுறது முன்பக்கம் ஆகும், கடைசியில வெட்டுறது முதுகாகும்" என்றேன். "புள்ளைக முன்னால ஒரு நீலம், பின்னால ஒரு நீலம்னு பள்ளிக்கூடத்துக்குப் போவாக."

சிவப்பை அமுக்கினேன். மெஷின் நின்றது.

"இது கூட வந்த மத்த ரோலையும் பாக்கணும் சார்."

"அதெல்லாம் வண்டியில ஏறியாச்சுங்க."

"இறக்கித்தான் பாக்கணும்."

வெளியே டிரைவர் ஹாரனை அழுத்தினார். ஏற்றும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வண்டி நிக்குது வள்ளி." அந்தத் தடவை அவர் 'ங்க' போடவில்லை.

"நிக்கட்டும் சார்."

அவர் என் கையிலிருந்து இரண்டு துண்டுகளையும் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றிப் பார்த்தார். நான் மெஷின் பக்கத்திலேயே நின்றேன், ஒரு அடி கூட நகரவில்லை.

பிறகு லாரிக்காரரைப் பார்த்து, "இன்ஜினை நிறுத்துங்க" என்றார். ஏற்றிய ஆட்களைப் பார்த்து, "இறக்குங்கப்பா. எல்லாத்தையும்" என்றார்.